வாளா, சமத்துவமா, கலப்பையா?
வங்காளத்தில் இஸ்லாம் வேரூன்றிய கதை: ஒரு மறுமதிப்பீடு

1872இல் வங்காளத்தில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. விவரங்களைத் தொகுத்து அறிக்கை எழுதிய ஹென்றி பெவர்லிக்கே முடிவு வியப்பைத் தந்தது. பல நூற்றாண்டுக் கால முஸ்லிம் ஆட்சிக்குத் தலைநகரங்களாக இருந்த கௌர், பாண்டுவா, முர்ஷிதாபாத் பக்கம்தான் முஸ்லிம்கள் அதிகம் இருப்பார்கள் என்று யாரும் எண்ணியிருப்பார்கள். கணக்கோ வேறொன்றைச் சொன்னது. பத்மாவும் மேக்னாவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணில், நெல்லும் சணலும் விளையும் கிழக்கு மாவட்டங்களில், சேற்றில் இறங்கி உழுகிற குடியானவர்கள்தான் பெரும்பாலும் முஸ்லிம்கள். சிட்டகாங், நவகாளி, பாப்னா, ராஜ்ஷாஹி மாவட்டங்களில் அவர்கள் 70 சதவீதத்துக்கு மேல். போக்ராவில் 80 சதவீதத்தையும் தாண்டியிருந்தார்கள். அரண்மனைக்கும் கோட்டைக்கும் வெகுதொலைவில், வயற்காட்டில் ஒரு மதம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எப்படி?

இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மிக வலுவானது அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் 1993இல் வெளியிட்ட ‘இஸ்லாத்தின் எழுச்சியும் வங்காள எல்லைப்புறமும், 1204–1760’ என்ற நூல் முன்வைப்பது. அதற்குப் பிறகு இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிற எவரும் ஈட்டனை ஏற்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் கடந்துபோக முடியாது. ஆனால் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு அவருடைய வாதம் சோதிக்கப்படுவதில்லை. அது எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பழைய பதில்கள்

முதல் பதில் குடியேற்றம். முர்ஷிதாபாத் நவாபின் திவானாக இருந்த கோந்த்கர் ஃபஸ்லி ரப்பி, வங்காள முஸ்லிம்களில் பெரும்பாலோர் அரேபியா, பாரசீகம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று 1890களில் ஒரு நூலே எழுதினார். கணக்கெடுப்பு அறிக்கை தம் சமூகத்தைத் தாழ்ந்த சாதிகளிலிருந்து வந்ததாகக் காட்டிவிட்டதே என்ற மேட்டுக்குடி மனத்தாங்கலே அந்த நூலை எழுதவைத்தது. லட்சக்கணக்கான குடியானவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது வாள். முகமது பக்தியார் கில்ஜி 1204 வாக்கில் லட்சுமண சேனனின் நதியாவைப் பிடித்தது உண்மை. கோயில்கள் இடிபட்டதும் உண்மை. ஆனால் வாள்தான் மதம் மாற்றியது என்றால், வாள் எங்கே அதிக காலம், அதிக வலுவோடு இருந்ததோ அங்கே முஸ்லிம்கள் மிகுந்திருக்க வேண்டும். டெல்லியையும் ஆக்ராவையும் சுற்றிய கங்கைச் சமவெளியில் அவர்கள் சிறுபான்மையாகவே இருந்தார்கள். துணைக்கண்டத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையான பெரும் பகுதிகளான மேற்குப் பஞ்சாபும் கிழக்கு வங்காளமும், சாம்ராஜ்யத்தின் இரு ஓரங்களில் கிடக்கின்றன. இது ஈட்டன் எடுத்துவைக்கும் எளிய நிலவியல் வாதம். இன்றுவரை இதற்குச் சரியான மறுப்பு வரவில்லை. மொகலாய அதிகாரிகளின் நடத்தையும் இதற்கு ஒத்துப்போகிறது. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வங்காள சுபேதாராக இருந்த இஸ்லாம் கான், தோற்ற ஒரு ராஜாவின் மகனை மதம் மாற்றிய தன் அதிகாரி ஒருவரைத் தண்டித்து இடமாற்றினார் என்பதை மிர்ஸா நாதனின் ‘பஹாரிஸ்தான்-இ-காய்பி’ பதிவுசெய்திருக்கிறது. மதம் மாற்றுவது அரசு வேலை என்று அந்த ஆட்சி கருதியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது சலுகை: பதவிக்கும் வரிச்சலுகைக்கும் ஆசைப்பட்டு மாறினார்கள் என்பது. சில ஜமீன் குடும்பங்களுக்கு இது பொருந்தும். முழங்கால் தண்ணீரில் நாற்று நடுகிறவனுக்குத் தர்பாரில் என்ன பதவி?

நான்காவதுதான் நம் காதுக்கு இனிமையானது: சாதிக் கொடுமையிலிருந்து விடுதலை. பெவர்லியும், டாக்காவில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் வைஸும் இதையே சொன்னார்கள். பிற்காலத்தில் இடதுசாரிகளும் முஸ்லிம் எழுத்தாளர்களும் சேர்ந்தே இதை ஏற்றார்கள். 1981இல் மீனாட்சிபுரத்தில் நடந்த மதமாற்றத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது விளக்கமே தேவைப்படாத உண்மையாகத் தோன்றும். அதனால்தான் இதைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டியிருக்கிறது.

ஈட்டனின் மறுப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. ஒன்று, அக்காலப் பாரசீக நூல்கள் இஸ்லாத்தை ஓரிறைக் கொள்கையாகவே இந்து மதத்துக்கு எதிரே நிறுத்துகின்றன. சமூக சமத்துவம் என்ற வாதம் அவற்றில் தலைகாட்டுவதில்லை. இரண்டு, மதம் மாறியவர்களின் சமூகப் படிநிலை மாறவில்லை. அஷ்ராஃப், அஜ்லாஃப் என்ற மேல்–கீழ்ப் பிரிவு வங்காள முஸ்லிம்களிடையே 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. மூன்றாவதுதான் தீர்மானமானது. வங்காளத்தில் பிராமணியச் சாதி ஒழுங்கு இறுக்கமாக இருந்தது மேற்கே. தளர்ந்தும் பல இடங்களில் எட்டாமலும் இருந்தது கிழக்கே. முஸ்லிம்கள் பெருகியதோ கிழக்கில். நோயே இல்லாத ஊரில்தான் மருந்து அதிகம் விற்றது என்று சொல்வது போலாகிவிடுகிறது விடுதலை வாதம்.

இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். மீனாட்சிபுரத்தில் மதம் மாறியவர்களின் கையில் சமத்துவம் என்ற அரசியல் மொழி இருந்தது. பெரியாரும் அம்பேத்கரும் அதை அவர்களுக்கு முன்பே பொதுவெளியில் நிலைநிறுத்தியிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டு வங்காளக் குடியானவனின் வாயில் அந்த மொழியைத் திணிப்பது நம் காலத்தை அவன்மேல் ஏற்றுவதாகும்.

கலப்பையின் மதம்

அப்படியானால் என்னதான் நடந்தது? ஈட்டனின் பதில் ஆற்றிலிருந்து தொடங்குகிறது. கங்கையின் பெருநீர் மேற்கிலிருந்து விலகி, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பத்மாவின் வழியாகக் கிழக்கே பாயத் தொடங்கியது. மேற்கே பழைய ஆறுகள் தூர்ந்தன. கிழக்கே புதிய வண்டல் படிந்தது. காடும் சதுப்புமாகக் கிடந்த நிலம் நன்செய்யாகக் கூடியதாயிற்று. அதே காலத்தில் மொகலாயர் வந்தார்கள். 1576இல் ராஜ்மஹால் போரில் ஆப்கானிய தாவூத் கரானி வீழ்ந்தான். 1610 வாக்கில் தலைநகர் டாக்காவுக்குப் போனது. 1666இல் சாயிஸ்தா கான் சிட்டகாங்கைப் பிடித்தார். அரசுக்கு வரி வேண்டும். வரிக்கு நெல் வேண்டும். நெல்லுக்குக் காடு அழிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஈட்டன் தம் மிக நல்ல சான்றை மேசைமேல் வைக்கிறார். சிட்டகாங், சில்ஹெட் ஆவணக் காப்பகங்களில் கிடக்கும் பாரசீக மானியப் பட்டயங்கள் அவை. அவற்றின் வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. இன்ன பர்கனாவில் இத்தனை அளவு காட்டு நிலம் இன்னாருக்கு இறையிலியாக விடப்படுகிறது. அவர் அதைத் திருத்திப் பயிர்செய்ய வேண்டும். விளைச்சலைக் கொண்டு பள்ளிவாசலையோ தர்காவையோ, அதைச் சார்ந்தவர்களையோ பராமரிக்க வேண்டும். பேரரசு நிலைக்கப் பிரார்த்திக்க வேண்டும். பள்ளிவாசல் என்றதும் பளிங்கும் குவிமாடமும் கண்முன் வர வேண்டியதில்லை. பெரும்பாலும் மூங்கிலும் கூரையும்தான். மானியம் பெற்றவர் பீராகவோ (சூஃபி ஞானி) ஹாஜியாகவோ ஓதத் தெரிந்த சாதாரண மனிதராகவோ இருப்பார். அவர் ஆள் சேர்க்க வேண்டும். அந்த ஆட்கள் சுற்றியிருந்த மீனவர்கள், வேட்டைக்காரர்கள், காட்டை எரித்து இடம்மாறிப் பயிர்செய்தவர்கள். அவர்கள் உழவர்களானார்கள், அந்த மூங்கில் பள்ளிவாசலைச் சுற்றி ஊர் ஆனார்கள், சில தலைமுறைகளில் முஸ்லிம்கள் ஆனார்கள். யாரும் ஒரே நாளில் ‘மதம் மாற’வில்லை. விட்டுவந்த பழைய மதமும் ஏட்டில் எழுதிய இந்து மதமாக இருக்கவில்லை.

மக்கள் நினைவும் இதற்குச் சாட்சி சொல்கிறது. பகேர்ஹாட்டில் 1459இல் மறைந்த கான் ஜஹான் அலியைச் சுந்தரவனத்தின் ஓரத்தில் காடு திருத்தி, குளம் வெட்டி, சாலை போட்டவராகவே மக்கள் நினைக்கிறார்கள். அவர் கட்டிய ‘அறுபது குவிமாட’ப் பள்ளிவாசலின் கூரையில் எண்ணினால் 77 குவிமாடங்கள், அறுபது என்பது உள்ளே நிற்கும் தூண்களின் கணக்கு. இந்தக் காட்டோரத்து ஊரை 1985இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சில்ஹெட்டின் ஷா ஜலாலைப் பற்றிய கதை இன்னும் வெளிப்படையானது. குரு அவரிடம் ஒரு பிடி மண் கொடுத்து, இதே நிறமும் மணமும் உள்ள மண் எங்கே கிடைக்கிறதோ அங்கே தங்கு என்றாராம். அவர் தங்கியது சில்ஹெட்டில். இந்துக் கவிஞரான முகுந்தராம் சக்கரவர்த்தி 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடிய ‘சண்டி மங்கல’த்திலும், வேடன் காலகேது நகரமைக்கக் காடு வெட்டும்போது மேற்கிலிருந்து ஜாஃபர் மியான் தலைமையில் 22,000 முஸ்லிம்கள் பீரின் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். எண்ணிக்கையைக் கவிஞரின் மிகைக்கு விட்டுவிடுவோம். காடழிப்பும் இஸ்லாமும் சேர்ந்தே நடந்தன என்பது ஓர் இந்துக் கவிஞருக்கும் அவர் பாட்டைக் கேட்டவர்களுக்கும் தெரிந்த செய்தியாக இருந்தது என்பதே முக்கியம்.

காலமும் பொருந்துகிறது. கிராமப்புற முஸ்லிம்களைப் பற்றிய முதல் வெளிநாட்டுக் குறிப்புகள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. வெனிஸ் வணிகர் செசாரே ஃபெடரிசி 1567இல் சந்தீப் தீவில் கரையிறங்கி, அங்குள்ளவர்கள் முஸ்லிம்கள் என்று எழுதினார். ஆங்கிலேயர் ரால்ஃப் ஃபிட்ச் 1586இல் சோனார்காவ் பகுதியைப் பற்றி அவ்வாறே எழுதினார். பக்தியார் கில்ஜி வந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து! படையெடுப்புக்கும் மதப் பரவலுக்கும் நடுவே இத்தனை பெரிய இடைவெளி இருக்கும்போது, முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

எங்கே இடிக்கிறது?

இனி எதிர்ப்பக்கம். ஈட்டனின் வாதத்துக்கு எதிராக மூன்று பொருட்படுத்தத்தக்க ஆட்சேபங்கள் இருக்கின்றன.

முதலாவது போக்ரா. 1872இல் முஸ்லிம் விகிதம் உச்சத்தில் இருந்த மாவட்டம் அது. ஆனால் போக்ராவில்தான் மகாஸ்தான்கட் இருக்கிறது. மௌரியர் காலத்துப் பிராமிக் கல்வெட்டு கிடைத்த, வங்காளத்தின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று. ராஜ்ஷாஹிப் பக்கத்து வாரேந்திர நிலமும் பாலர், சேனர் காலத்திலேயே உழுது பண்பட்டது. புதிதாகக் காடு திருத்திய எல்லைப்புறம் என்று இவற்றைச் சொல்வது கடினம். ஈட்டனின் பட்டயங்கள் தென்கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகின்றன; காலமும் பெரும்பாலும் 1660களுக்குப் பிறகு. அந்தச் சான்றைக் கொண்டு வட வங்காளத்தையும் அதற்கு முந்தைய நூற்றாண்டையும் விளக்கும்போது அவர் தம் ஆவணங்கள் தாங்கக்கூடிய எடைக்கு மேல் ஏற்றிவிடுகிறார்.

இரண்டாவது நாமசூத்திரர். ஃபரீத்பூர், பாகர்கஞ்ச், ஜெசோர் சதுப்புகளில் அதே சேற்றில், அதே நெல்லை, அதே காலத்தில் பயிரிட்டவர்கள் அவர்கள். சண்டாளர் என்று இழிக்கப்பட்டவர்கள். 1872–73இல் உயர்சாதியினருக்கு வேலை செய்ய மறுத்து ஒரு பெரும் புறக்கணிப்பே நடத்தினார்கள். அதற்கு முன்பே ஹரிசந்த் தாகூர் ஒராகாந்தியில் மதுவா என்ற சொந்தப் பக்தி மரபை உண்டாக்கியிருந்தார். அவர்கள் முஸ்லிம்கள் ஆகவில்லை. இந்த ஓர் உதாரணம் இரண்டு கொள்கைகளையும் ஒருசேர அடிக்கிறது. இழிவுதான் மதம் மாற்றியது என்றால் மிக இழிக்கப்பட்டவர்கள் முதலில் மாறியிருக்க வேண்டும். கலப்பைதான் மாற்றியது என்றால் பக்கத்து வயல்காரன் மாறியபோது இவனும் மாறியிருக்க வேண்டும்.

மூன்றாவது, ஈட்டனே மறைக்காமல் தரும் தகவல். மொகலாய அரசு இந்துக்களுக்கும் அதே நிபந்தனையில் காட்டு நிலம் கொடுத்தது. பிரமோத்தரம், தேவோத்தரம் என்ற பெயரில் அந்தணர்களுக்கும் கோயில்களுக்கும் போன மானியங்கள் சில்ஹெட் ஆவணங்களில் இருக்கின்றன. ஆகவே கலப்பை உழவனை உண்டாக்கியது என்று காட்டலாம். அந்த உழவன் ஏன் முஸ்லிமானான், ஏன் வைணவனாகவில்லை என்பதற்குக் கலப்பை மட்டும் பதிலாகாது. காட்டுக்குள் முதலில் நுழைந்த முன்னோடி யார் என்பதே பதில் என்கிறார் ஈட்டன். இருக்கலாம். அப்படியென்றால் முஸ்லிம் முன்னோடிகள் ஏன் அதிகம் நுழைந்தார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர் வங்காளதேசத்தின் அக்பர் அலி கான். ‘வங்காளதேசத்தைக் கண்டறிதல்’ என்ற தம் 1996 நூலில் அவர் கிராமத்தின் அமைப்பைப் பார்க்கச் சொல்கிறார். வட இந்தியாவில் கிராமம் கட்டுக்கோப்பான அமைப்பு. ஊரை மீறினால் ஒருவன் வாழ முடியாது. கிழக்கு வங்காளத்திலோ வீடுகள் ஆற்றுத் திட்டுகளில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்தது. அங்கே ஒரு குடும்பம் பீரின் பக்கம் சாய்ந்தால் தடுக்க ஆளில்லை. இது போக்ராவுக்கும் ஓரளவு பொருந்துகிறது என்பதே இதன் பலம். ஆனால் நாமசூத்திரர் விஷயத்தில் இதுவும் விழிக்கிறது. கிராம அமைப்பைப் பற்றிய நம் விவரங்களில் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலத்தது என்பதும் இதன் பலவீனம். ஈட்டனுக்கு மாற்றாக இதை வைக்க முடியாது, துணையாக வைக்கலாம்.

ஆதம் உழுத நிலம்

இஸ்லாம் பரவியது எப்படி என்பது பாதிக் கேள்விதான். பரவியபோது அது என்னவாக ஆயிற்று என்பது மறுபாதி.

சையத் சுல்தான் என்ற சிட்டகாங் கவிஞர் 16, 17ஆம் நூற்றாண்டுகளின் சந்தியில் ‘நபிவம்சம்’ என்ற பெருங்காப்பியத்தை வங்காளியில் பாடினார். இஸ்லாமிய மரபுக் கதைகளில் ஆதம் சொர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் சரந்தீபு. இலங்கையின் பாவா ஆதம் மலை அந்த நம்பிக்கையில்தான் இன்றும் புனிதமாக இருக்கிறது. சையத் சுல்தானின் ஆதமோ வங்கக் கடலின் சந்தீப் தீவில் இறங்குகிறார். மக்காவுக்குப் போய்க் கஃபாவை எழுப்புகிறார். பிறகு ஜிப்ரீல் அவருக்குக் கலப்பையும் நுகத்தடியும் இரண்டு காளைகளும் விதையும் கொடுத்து, உழவே உன் விதி என்று இறைவன் பணித்ததாகச் சொல்கிறார். மனிதகுலத்தின் முதல் நபி வங்காளத் தீவில் கால்பதித்து, ஏர்பிடித்து, விதைத்து, அறுத்து உண்கிறார். இறைவனுக்கு இந்தக் காப்பியம் வழங்கும் பெயர்களில் நிரஞ்சனும் உண்டு. முகம்மது நபிக்கு முன் வந்தோர் வரிசையில் இந்துத் தெய்வங்களுக்கும் இடம் உண்டு.

இதை எப்படி வாசிப்பது? அசிம் ராய் 1983இல் எழுதிய நூலில் இதைக் கலப்பு மரபு என்றார். அரபு இஸ்லாத்துக்கும் வங்க மக்களுக்கும் நடுவே நின்ற இடையாட்கள் இரண்டையும் பிசைந்து மூன்றாவதொன்றை உண்டாக்கினார்கள் என்பது அவர் கருத்து. டோனி ஸ்டூவர்ட் 2001இல் இதைக் கடுமையாக மறுத்தார். கலப்பு என்று சொன்னால் இரண்டு தூய பொருள்கள் முன்பே இருந்தன என்றும், கலந்தது இரண்டையும்விடக் குறைந்தது என்றும் ஆகிவிடுகிறது. இந்தக் கவிஞர்கள் செய்தது, தங்கள் மொழியில் இருந்த சொற்களைக் கொண்டு இஸ்லாமியக் கருத்தைச் சொல்லத் தேடிய நிகர்ப்படுத்தல் என்றார் அவர். ஸ்டூவர்ட் பக்கமே என் வாக்கு. நபிவம்சத்தில் இந்துத் தெய்வங்கள் வருவது முகம்மது நபியின் வருகையோடு முந்தைய வரிசை நிறைவுறுகிறது என்று காட்டுவதற்காக. இதில் மயக்கமில்லை, திட்டம் இருக்கிறது. சந்தீப் பகுதியைச் சேர்ந்த 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அப்துல் ஹக்கீம், வங்காளத்தில் பிறந்து வங்காளியை இகழ்கிறவர்களைச் சாடிப் பாடியபோதும் அவர் அரைகுறை முஸ்லிமாகப் பேசவில்லை. முழு முஸ்லிமாகவும் முழு வங்காளியாகவும் பேசினார்.

ஈட்டன் இங்கே மூன்று படிகளை வகுக்கிறார்: முதலில் புதிய தெய்வம் பழைய தெய்வங்களோடு சேர்த்துக்கொள்ளப்படும், பிறகு இரண்டும் ஒன்றே எனப்படும், கடைசியில் பழையது வெளியேற்றப்படும். இது நேர்கோட்டு வளர்ச்சியல்ல என்று அவரே எச்சரித்தாலும், நூலை மூடும்போது ஏணிப்படிதான் மனதில் நிற்கிறது. சுந்தரவனம் அந்த ஏணியை ஏற்க மறுக்கிறது. தேனெடுக்கவும் விறகு வெட்டவும் போகிற இந்துவும் முஸ்லிமும் புலிக்கு அஞ்சி வணங்கும் பொன்பீபியின் கதை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஜொஹுராநாமா’வாக அச்சேறியது. வெளியேற்றும் கட்டம் உச்சத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் காலம் அது. மொழி வங்காளி, எழுத்து இடமிருந்து வலம் ஓடும். புத்தகத்தைப் புரட்டுவதோ அரபு நூலைப் போல வலப்பக்கத்திலிருந்து. மக்காவுக்குப் போய்வந்து வரம்பெற்ற பொன்பீபி, காட்டரசன் தட்சிண ராயைக் கொல்லவில்லை. எல்லை பிரித்துக்கொடுத்து அடக்கிவைக்கிறாள். சேர்த்தலும் ஒன்றெனலும் வெளியேற்றலும் ஒரே காலத்தில், ஒரே மாவட்டத்தில், சில சமயம் ஒரே வீட்டில் நடந்தன என்பதே சரியான சித்திரம்.

தூய்மையும் நிலமும்

1793இன் நிரந்தர நிலவரித் திட்டம் கிழக்கு வங்காளத்தின் முகத்தை மாற்றியது. ஜமீன்தார்களில் பெரும்பாலோர் இந்துக்கள். குடியானவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நீண்ட காலம் மக்காவில் இருந்து திரும்பிய ஃபரீத்பூரின் ஹாஜி ஷரியத்துல்லா, கட்டாயக் கடமைகளை மட்டும் வலியுறுத்தும் ஃபராயிஸி இயக்கத்தை நடத்தினார். பீர் வழிபாடு கூடாது, உள்ளூர்ச் சடங்குகள் கூடாது, ஆங்கிலேயர் ஆளும் நாட்டில் ஜும்ஆத் தொழுகையும் கூடாது என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இது உள்ளூர் மண்ணை உதறும் இயக்கம். ஆனால் அவருடைய மகன் தூது மியான், நிலம் இறைவனுடையது, அதற்கு வரி கேட்க எவனுக்கும் உரிமையில்லை என்றார். ஜமீன்தார்கள் துர்கா பூஜைக்காக வாங்கிய வசூலைக் கொடுக்க மறுக்கச் செய்தார். குடியானவர்கள் திரண்டது இதற்காக. குடியானவர் கிளர்ச்சியை நடத்திய திட்டு மீர் 1831இல் நாரிகேல்பேரியாவின் மூங்கில் கோட்டையில் மாண்டதற்குப் பின்னாலும் தாடிக்கு வரிபோட்ட ஒரு ஜமீன்தார் இருக்கிறார்.

இந்த இடத்தில்தான் ‘உள்ளூர் இஸ்லாம் – தூய இஸ்லாம்’ என்ற வழக்கமான எதிர்வு உடைகிறது. தூய்மை இயக்கமும் வங்காளத்தின் நிலத்தகராறில்தான் வேர்விட்டது. ஆதமுக்குக் கலப்பை கொடுத்த காப்பியமும், ஜமீன்தாருக்கு வரி மறுத்த ஃபராயிஸியும் ஒரே உழவனுக்கு இரு வேறு காலத்தில் கிடைத்த இரு விடைகள். ரஃபியுதீன் அகமது 1981இல் வெளியிட்ட 1871–1906 காலத்து வங்காள முஸ்லிம்கள் பற்றிய ஆய்வு, ஊர் ஊராக நடந்த சமய வாதப் போர்களும் மலிவு விலை அறிவுரை நூல்களும் குடியானவனுக்கு ‘நான் முஸ்லிம்’ என்ற கூர்மையான அடையாளத்தை எப்படிக் கொடுத்தன என்று விரிவாகக் காட்டுகிறது. அதன் விலையும் அதில் தெரிகிறது: தாம் வங்காளி என்பதைச் சொல்லக் கூசும் ஒரு தலைமுறை உருவானது.

அரசியலிலும் இதே கணக்குதான். 1937 தேர்தலில் ஃபஸ்லுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சி பருப்புச் சோற்றை வாக்குறுதியாக வைத்து எழுந்தது. 1946இல் முஸ்லிம் லீக் வென்றபோது, ஜமீன்தாரும் வட்டிக்கடைக்காரனும் இல்லாத நாடாகவே பாகிஸ்தானைக் குடியானவர்கள் கனவு கண்டார்கள் என்பதைத் தாஜ் ஹாஷ்மியின் ஆய்வு எடுத்துச்சொல்கிறது. அந்தக் கனவு கைகூடாமல், மொழியும் பறிபோகும் என்றானபோது 1952 பிப்ரவரி 21இன் மொழிப் போராட்டம் வந்தது. 1971இல் பாகிஸ்தானே போனது. மதம் ஒன்றே ஒரு நாட்டைக் கட்டிவைக்கும் என்ற நம்பிக்கை, அந்த மதத்தைத் தலைமுறை தலைமுறையாக விரும்பி ஏற்றிருந்த மக்களிடமே தோற்றது. அதற்காக மதம் அரசியலிலிருந்து விலகிவிடவில்லை. 1972 அரசியல் சட்டத்தின் மதச்சார்பின்மை 1977இல் நீக்கப்பட்டது. 1988இல் அப்போதைய ஆட்சியாளர் எர்ஷாத் இஸ்லாத்தை அரச மதமாக்கினார். 2011இல் மதச்சார்பின்மை திரும்ப வந்தது, அரச மதமும் அப்படியே இருந்தது. 2024இல் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்தபின் வந்த மாதங்களில் பல தர்காக்கள் தாக்கப்பட்டன. காடு திருத்திய பீர்களின் நாட்டில் பீர்களின் அடக்கத்தலங்களே இடிபடுவதை வெளியிலிருந்து வந்த சித்தாந்தம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. அது வங்காள இஸ்லாத்துக்குள் இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கின் இன்றைய கட்டம்.

தீர்ப்பு

எடைபோட்டதில் கிடைப்பது இது. குடியேற்றமும் வாளும் சலுகையும் விளக்கங்களாக நிற்கவில்லை. சமூக விடுதலை, மதம் பரவிய காலத்தின் காரணமாக நிற்கவில்லை; 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மதம் குடியானவனுக்குத் தந்த அரசியல் மொழியாக நிற்கிறது. ஈட்டனின் கலப்பை, டெல்டாவின் தெற்குக்கும் கிழக்குக்கும் இதுவரை கிடைத்த விளக்கங்களில் தலைசிறந்தது. வட வங்காளத்துக்கு அது அரைகுறை. நாமசூத்திரர் முன் அது மௌனம். மூன்று படிக் கோட்பாட்டை ஏணியாக எடுக்காமல், அருகருகே நிகழும் மூன்று போக்குகளாக எடுத்துக்கொண்டால் பயன்படும். ‘கலப்பு’ என்ற சொல்லை ஓய்வெடுக்க அனுப்பலாம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் உண்மை நிற்கிறது. வங்காளத்தில் இஸ்லாம் உழவனின் நிலப் பிரச்சினையோடு சேர்ந்து நடந்தபோதெல்லாம் வேர்விட்டது. பீரின் காலத்திலும், ஃபராயிஸியின் காலத்திலும், 1946இலும் அப்படித்தான். அதை விட்டுவிட்டு அதிகாரத்தின் ஆணையாக வந்தபோது, 1971 காட்டியபடி, ஆணையிட்டவர்கள் தோற்றார்கள். ஆகவே இஸ்லாம் இந்த மண்ணுக்கு அந்நியம் என்பவரும், இந்த மண்ணில் முளைத்தது உண்மையான இஸ்லாம் அல்ல என்பவரும் ஒரே தவறைத்தான் இரு பக்கமிருந்து செய்கிறார்கள். இருவருமே அந்த உழவனைக் கணக்கில் எடுக்கவில்லை.